செவிகொடுத்த அம்மையார்

வேலூரிலிருந்து ஆரணிச் சாலையில் கணியம்பாடியைக் கடந்து செல்வோர்க்கு வலப்புறத்தே நீலத் திரை விரித்தாற்போல ஒரு மலைத்தொடர் தோன்றும். அதுவே ஜவ்வாது மலை. வடகிழக்கினின்று தென்மேற்காக ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இத்தொடர், இந்நாளில் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்னும் மூன்று மாவட்டங்களிலும் தன் அடியைப் பதித்திருக்கின்றது. சாமை விளையும் சரிவுகளும், பலாவும் புளியும் நிறைந்த பள்ளங்களும், முன்னாளில் சந்தன மரத்துக்குப் பேர்போன காடுகளும் அதில் உண்டு. செய்யாறும் நாகநதியும் பிறப்பது இம்மலையிலேயே. காவலூரில் 1968-ஆம் ஆண்டு முதல் வான நூலார் இராமுழுதும் கண்விழித்து விண்மீன்களை நோக்கி வருகின்றனர். மலையில் வாழ்வோர் பெரும்பாலார் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். சேரநாட்டாரோடு இவர்களுக்கு யாதொரு தொடர்பும் இல்லை. சமவெளியினின்று மலையேறிக் குடிபுகுந்த முன்னோரின் வழி வந்தோர் என்பது இவர்களுடைய செவிவழிச் செய்தி.

சென்ற ஆண்டு யாம் சில மாணவரோடு ஜமுனாமரத்தூருக்கு அணித்தாகிய ஒரு சிற்றூரில் ஒரு வாரம் முகாம் இட்டிருந்தோம். உடல்நலத்தையும் தூய்மையையும் குறித்து அழகிய படங்கள் வரைந்த அட்டைகளை எடுத்துச் சென்றிருந்தோம். முதல் நாள் மாலையில் ஊரார் மந்தையில் வந்து கூடினர். ஒன்றரை மணி நேரம் யாமே பேசினோம். அவர்கள் பொறுமையோடு இருந்தனர். கூட்டம் கலையும் வேளையில் ஒரு மூதாட்டி கோலூன்றி எம்மிடம் வந்து, பிள்ளைகள் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தாயிற்றா என்று வினவினார். ஆயிற்று என்றோம். அங்ஙனமாயின் இனித் தாம் சொல்வதைக் கேட்க நேரம் உண்டா என்றார். அவ்வினாவில் ஏளனம் சிறிதும் இல்லை; அதனாலேயே எமக்கு நாணம் மிகுந்தது.

பாட்டி சொன்னது நீண்ட கதையன்று. மழைக்காலத்து இரவொன்றில் அவருடைய மருமகளுக்குப் பிரசவ வேதனை கண்டது. மூங்கிலில் போர்வையைத் தொட்டில்போலக் கட்டி, நால்வர் தோள்மாற்றிச் சுமந்து, வழுக்குப் பாறைகளின்மேல் இறங்கிச் சாலையை அடையும் முன்னரே குழந்தை இறந்துபோயிற்று. தாய் பிழைத்தாள். 108 என்னும் எண்ணுக்கு அழைத்தால் வரும் அவசர ஊர்தி சாலைமட்டும் வரும். சாலையிலிருந்து ஊருக்கு வரும் இரண்டு மைல் பாதையில் அது ஏறாது. பாட்டிக்கு வேண்டியது கைகழுவும் முறையைப் பற்றிய படம் அன்று, அந்தப் பாதை.

அன்றிரவு கூடாரத்தில் உறக்கம் வரவில்லை. அப்பொழுதுதான் இம்மலையின் வடபால், அறுபது கிலோமீட்டருக்குள் அடங்கிய வேலூரில் வாழ்ந்த ஒருவருடைய வரலாறு எம் நினைவுக்கு வந்தது. இரவில் வந்து கதவைத் தட்டிய குரலுக்குச் செவிகொடுத்ததே அவருடைய வாழ்நாள் முழுவதும் ஆயிற்று. நமது கல்லூரி அன்பர்கள் பலர் அவர் பெயரை அறிவார்கள். எனினும் அறிந்த கதையையும் ஒருமுறை மெல்ல எண்ணிப் பார்த்தல் நன்றென்று துணிந்து இதனை எழுதுகின்றோம்.

தமிழில் கேள் என்னும் சொல்லுக்குள்ள பொருள்களை நோக்குமிடத்து வியப்பே உண்டாகும். செவியால் ஓசையை ஏற்பதும் கேட்டல், வினவுவதும் கேட்டல், வேண்டுவதும் கேட்டல், சொன்னபடி நடப்பதும் கேட்டல். மகன் தந்தை சொல்லைக் கேட்கிறான் என்றால், அவன் காது செவிடன்று என்பதா பொருள்? அவன் அதன்படி செய்கிறான் என்பதே. இவை ஒருபுறமிருக்க, பழந்தமிழில் கேள் என்பது உறவினரையும் நண்பரையும் குறிக்கும். கேளிர், கேண்மை என்பன அதன் கிளைகள். இவ்விரு சொற்களும் ஒரே வேரினவோ அல்லவோ, அதனை மொழிநூலார் ஆராய்க. கேட்பவரே கேளிராவர் என்று எண்ணிக்கொள்வதில் எமக்கு ஓர் இன்பம் உண்டு. யாக்கோபு தம் நிருபத்தில் திருவசனத்தைக் கேட்பதோடு நின்றுவிடுவோரைக் கண்டித்து எழுதியதும் இக்கருத்தோடு ஒத்ததே.

ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் முதலாம் ஜான் ஸ்கடர், நியூயார்க் நகரில் செழிப்பாக நடந்த வைத்தியத் தொழிலை விட்டு 1819-இல் இலங்கைக்குக் கப்பலேறியவர். அமெரிக்காவினின்று வெளிநாடு சென்ற முதல் வைத்திய மிஷனெரி அவரே. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல்லாண்டு உழைத்துப் பின்னர் 1836-இல் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர் எழுவரும் இந்தியாவில் ஊழியம் புரிந்தனர். இளைய புதல்வரான இரண்டாம் ஜான் ஸ்கடர் ஆர்க்காட்டு மிஷனில் வைத்தியராயிருந்தார். அவருக்கும் சோபியா அம்மையாருக்கும் பிறந்த ஒரே பெண்மகவு ஐடா.

இத்தகைய குடும்பத்தில் பிறந்த பெண் இயல்பாகவே ஊழியத்தை விரும்பியிருப்பாள் என்று நாம் நினைப்போம். உண்மை அதற்கு மாறானது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், ஆறேழு வயதுச் சிறுமியாகிய ஐடா, பசியால் மெலிந்து கிடந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுக்க வேண்டியவளானாள். கையை உயர்த்தி வாங்கவும் வலியற்றோர் வாயில் தன் சிறு விரல்களாலேயே ஊட்டினாள். வீதியோரத்தில் இறந்து கிடந்த பிள்ளைகளையும் கண்டாள். அக்காட்சி அவள் உள்ளத்தில் இரக்கத்தைக் காட்டிலும் அச்சத்தையே மிகுதியாகப் பதித்தது. குடும்பம் அமெரிக்கா சென்றபின், முதலில் தந்தையும் பின்னர்த் தாயும் இந்தியாவுக்குத் திரும்பினர்; பதின்மூன்று வயதளவில் சிகாகோ நகரில் உறவினர் வீட்டில் ஐடா தனித்து விடப்பட்டாள். தாய் புறப்பட்ட இரவில் அவருடைய தலையணையில் முகம் புதைத்து அழுதாள் என்று அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். தன் தாயைத் தன்னிடமிருந்து பறித்த தேசத்தின்மேல் ஒரு சிறுமிக்கு அன்பு பிறக்குமா? மிஷனெரி ஆவதில்லை என்று அவள் உறுதி செய்துகொண்டதில் யாம் குற்றம் காணோம்.

மாசசூசெட்ஸ் மாகாணத்து நார்த்பீல்டு என்னுமிடத்தில் கல்வி முடித்து, தாய் நோயுற்றிருந்தமையால் அவருக்குத் துணையாக 1890-இல் ஐடா மீண்டும் இந்தியா வந்தார். வந்தது சிறிது காலம் தங்கித் திரும்பும் எண்ணத்தோடேயாம். அப்பொழுது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர்.

இனி அந்த இரவைச் சொல்லவேண்டும். ஐடா விளக்கடியில் இருந்தபோது வாயிலில் காலடியோசை கேட்டது. வந்தவர் ஒரு பிராமணர். அவருடைய இளம் மனைவி பிரசவத்தில் துன்புறுகின்றாள், மருத்துவச்சியர் கைவிட்டுவிட்டனர், ஐடா வரவேண்டும் என்று அவர் இரந்தார். தாம் வைத்தியம் கற்றவள் அல்லள், தம் தந்தையே வைத்தியர், அவரை அழைத்து வருகின்றேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியைக் காணுதல் தம் குலத்து முறைக்கு அடாது என்று கூறி அவர் தலைகுனிந்து சென்றார். சிறிது நேரத்தில் மற்றொருவர் வந்தார், இவர் முகம்மதியர். அதே துன்பம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக ஓர் உயர்குல இந்து வந்தார். அவரும் அங்ஙனமே வெறுங்கையராய்த் திரும்பினார். அவ்விரவு ஐடாவுக்கு உறக்கம் இல்லை. விடியலில் சாவுப்பறை முழங்கிற்று. ஆளனுப்பி விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்று அறிந்தார்.

இக்கதையைச் சொல்லும் மேடைகள் பலவற்றில் அந்த மூன்று கணவரையும் கல்நெஞ்சர் என்று பழிப்பதைக் கேட்டிருக்கின்றோம். அது நீதியன்று என்பது எம் கருத்து. அன்பில்லாதவன் நள்ளிரவில் அந்நிய மதத்தார் வீட்டுக் கதவைத் தட்டமாட்டான். தன் இல்லாளைக் காக்க வேண்டுமென்னும் ஆவலும், வழக்கத்தை மீறலாகாதென்னும் அச்சமும் அவர்களை இருபுறமும் இழுத்தன. அத்தகைய கட்டு நம் நாட்டுக்கே உரியதும் அன்று. அதே காலத்தில் அமெரிக்க தேசத்துப் பெரிய மருத்துவக் கல்லூரிகள் பல பெண்களுக்குத் தம் வாயிலை அடைத்திருந்தன. பெண் வைத்தியர் இல்லாமையாலேயே அம்மூவரும் மாண்டனர். பெண் வைத்தியர் இல்லாமைக்கு இரு கண்டத்தாரும் பொறுப்பாளிகள்.

சாமுவேல் என்னும் சிறுவன் ஆலயத்தில் உறங்கிக் கிடந்தபோது மும்முறை அழைக்கும் குரல் கேட்டு, அழைப்பவர் இன்னார் என்றறியாமல் ஏலியினிடத்துக்கு ஓடிய வரலாற்றை நாம் அறிவோம். திண்டிவனத்து நிகழ்ச்சியை அதனோடு ஒப்பிட்டுப் பேசுவதுண்டு. ஒப்புமையில் பிழையில்லை. ஆனால் சாமுவேலை அழைத்த குரலால் எவரும் சாகவில்லை. ஐடா கேட்ட குரலோ மூவர் உயிரின் விலையுடையது. அன்று காலையில் அவருக்கு உண்டான துக்கம் பலருக்கும் உண்டாகக் கூடியதே. அவர் அறையினுள் சென்று வேண்டுதல் செய்தார். பின்னர்ப் பெற்றோரிடம் வந்து, அமெரிக்கா சென்று வைத்தியம் கற்றுத் திரும்புவேன் என்றார். இரங்குவதோடு நில்லாமல், தமக்கு இல்லாத திறமையைத் தேடிப் பல ஆண்டுகள் பாடுபட ஒப்பினார்.

1895-இல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களை ஏற்கத் தொடங்கியவுடன் அங்கு மாறி 1899-இல் பட்டம் பெற்றார். புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை கட்டப் பணம் திரட்டும் பொறுப்பு அவர்மேல் வைக்கப்பட்டது. நாட்களோ சில. நியூயார்க்கில் ஓர் அம்மையாரிடம் சென்று தம் எண்ணத்தை அவர் எடுத்துரைத்துக் கொண்டிருக்க, அடுத்த அறையில் அவ்வம்மையாரின் உறவினராகிய ஷெல் என்னும் முதிய வங்கி முதலாளி அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிற்பாடு அவர் ஐடாவை வரவழைத்து, காலஞ்சென்ற தம் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் அளித்தார். பக்கத்து அறைப் பேச்சுக்குக் காது கொடுத்தல் நற்பழக்கமன்று என்று நம் வீட்டுப் பெரியோர் கண்டிப்பார்கள். இந்த ஒருமுறை மன்னிக்கலாம்.

1900-ஆம் ஆண்டு தொடக்கத்தில், பள்ளித் தோழியாகிய ஆனி ஹான்காக் அம்மையாரோடு ஐடா வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையினிடத்தில் இரண்டொரு வருஷமேனும் தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். சில மாதங்களிலேயே தந்தை காலமானார். புதிதாய் வந்த இளம் பெண்ணை நம்பி ஜனங்கள் வரத் தயங்கினர். வீட்டில் ஒரு சிற்றறையே மருந்தகமாகவும், ஒரே கட்டில் கொண்ட வைத்தியசாலையாகவும் இருந்தது. சமையற்காரரின் மனைவி சலோமி என்பவளே முதல் துணை. அவளுக்குக் கட்டுக்கட்டவும் மருந்து கலக்கவும் ஐடாவே கற்பித்தார். மெல்ல மெல்லத் திண்ணையும் தோட்டமும் நோயாளரால் நிறைந்தன. முதல் இரண்டாண்டில் 5,000 பேருக்கு மருத்துவம் செய்தார் என்பர். 1902-இல் 40 படுக்கைகளோடு ஷெல் நினைவு வைத்தியசாலை திறக்கப்பட்டது.

அம்மையார் குறைவற்ற புனிதர் என்று எழுதுவது அவருக்கே பிடிக்காது. தாம் எண்ணியதைச் சாதிக்கும் பிடிவாதம் அவருக்கு உண்டு. முதுமையிலும் டென்னிஸ் ஆடுகளத்தில் தம்மினும் இளையோரைத் தோற்கடிப்பதில் மகிழ்ந்தவர். மோட்டார் வண்டியின்மேல் அவருக்கிருந்த ஆசையும் பெரிது. அவ்வாசை வீண்போகவில்லை என்பதற்குக் குடியாத்தம் சாலையே சாட்சி.

1909-இல் பெஜோ என்னும் பிரெஞ்சுக் கம்பெனியின் சிறிய மோட்டார் ஒன்று அவருக்கு வந்து சேர்ந்தது. அதற்குமுன் குதிரை வண்டியும் மாட்டு வண்டியுமே துணை. மாடில்லாமல் உறுமிக்கொண்டு வரும் வண்டியைக் கண்டு கிராமத்தார் முதலில் வயல்களுக்குள் ஓடினர். வாரம் ஒருமுறை வேலூரிலிருந்து குடியாத்தத்துக்குச் செல்வது அவர் வழக்கம். அங்குள்ள நோயாளரைப் பார்ப்பதே பிரயாணத்தின் நோக்கம். ஆனால் வழியில் மரநிழலில் ஒரு தாய் பிள்ளையை ஏந்தி நிற்பாள், வண்டியை நிறுத்தவேண்டும். அடுத்த வாரம் அதே மரத்தடியில் பத்துப் பேர். அதற்கடுத்த வாரம் மற்றொரு மரத்தடியில் ஒரு கூட்டம். நிற்கும் இடங்களை அம்மையார் வகுக்கவில்லை, நோயாளரே வகுத்தனர். கட்டி கீறுதல், புண் கழுவுதல், கண்ணுக்கு மருந்திடல், பல் பிடுங்கல் யாவும் சாலையோரத்திலேயே நடந்தன. குஷ்டரோகிகள் சற்று விலகித் தனியே நிற்பர். அவர்களிடமும் சென்று புண்களைக் கழுவிக் கட்டுவர். போகுமிடம் போய்ச் சேரப் பகல் முழுதும் கழியும்.

எரிகோவின் வழியருகே பர்திமேயு என்னும் குருடன் கூப்பிட்டபோது, உடன்சென்றோர் அவனை அதட்டி அடக்கினர். இயேசு நின்றார் என்று சுவிசேஷத்தில் காண்கின்றோம். குடியாத்தம் சாலையில் வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் அதனையே எமக்கு நினைப்பூட்டுகின்றது. அவசரமாகச் செல்வோர்க்கு நிற்பது எவ்வளவு அரிது என்பதை, வகுப்பு மணி அடித்தபின் நடைவழியில் ஒரு மாணவன் ஐயம் வினவும்போது நம் ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள்.

எத்தனை மரத்தடியில் நின்றாலும் ஒருவருடைய இரண்டு கைகள் எம்மட்டும்? திண்டிவனத்தில் கதவைத் தட்டியவர் மூவர். தட்டாதவர் தேசமெங்கும் இலட்சக்கணக்கானோர். இந்தியப் பெண்களே வைத்தியராகவேண்டும் என்பதை ஐடா உணர்ந்தார். 1909-இல் தாதியர் பள்ளி தொடங்கிற்று. அடுத்துப் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று சென்னை இராஜதானியின் வைத்தியத் தலைவராகிய கர்னல் பிரைசனிடம் விண்ணப்பித்தார். மூன்று பெண்கள் விண்ணப்பித்தால் அதுவே அதிர்ஷ்டம் என்று அவர் கருதினார். எனினும் அனுமதி கொடுத்தார். விண்ணப்பங்கள் 151 வந்தன. 1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் கவர்னர் பென்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். வாடகை வீடு, சில நூல்கள், ஓர் எலும்புக்கூடு, ஒரு நுண்பெருக்கி, இவையே தொடக்கத்து மூலதனம். ஓராண்டின் முடிவில் இராஜதானி முழுவதற்கும் பொதுவாக நடந்த பரீட்சையில், ஆடவருள் ஐவரில் ஒருவரே தேற, வேலூர்ப் பெண்கள் அனைவரும் தேறினர். 1922-இல் 14 பேர் எல்.எம்.பி. என்னும் தகுதி பெற்று வெளிவந்தனர்.

அம்மையார் பள்ளி நடத்தியதைப் படித்தவர்கள் யாவரும் ஒன்றைக் கவனித்திருப்பர். மாணவியரை ஆண்டுதோறும் சாலையோர மருத்துவத்துக்கு உடனழைத்துச் செல்வார். நோயாளி தன் நோயைச் சொல்லும் முறை நூலில் உள்ள வரிசைப்படி இராது. முதலில் மாமியாரைச் சொல்வாள். பிறகு செத்த எருமையைச் சொல்வாள். கடைசியில் வயிற்றுவலியைச் சொல்வாள். அந்த வரிசையில் கேட்டாலன்றி வயிற்றுவலியின் காரணம் விளங்காது. மரத்தடியில் கற்கும் பாடம் இது.

1923-இல் அமெரிக்காவில் லூசி பீபாடி அம்மையார் முதலியோர் முயற்சியால் ஆசியாவின் பெண் கல்லூரிகளுக்கென 30 இலட்சம் டாலர் திரண்டது. அதில் வேலூரும் பங்கு பெற்றது. தோட்டப்பாளையத்தில் பெரிய வைத்தியசாலை எழுந்தது. 1932 அளவில் பாகாயத்துக் குன்றடியில் கல்லூரிக் கட்டடங்கள் தோன்றின. இவற்றை விரித்தெழுத இடமில்லை. விரிக்கவேண்டியது அடுத்து வந்த சோதனையே.

1930-களின் பிற்பகுதியில் சென்னை அரசாங்கம், இனி வைத்தியம் பயில்வோர் யாவரும் பல்கலைக்கழகப் பட்டமே பெறவேண்டும், எல்.எம்.பி. பள்ளிகள் ஒழியும் என்று விதித்தது. பட்டக் கல்லூரிக்கு வேண்டிய பேராசிரியர், ஆய்வுக்கூடம், படுக்கைகள் எதற்கும் வேலூரில் பணமில்லை. இருபதாண்டு உழைப்பு மூடப்படும் நிலை வந்தது. ஆடவரையும் சேர்த்துக்கொண்டால் பல மிஷன்கள் ஒன்றுகூடி உதவும் என்றனர் ஒரு சாரார். பெண்களுக்கென்று கொடுத்த பணத்தை ஆடவர்க்குப் பங்கிடுவது நம்பிக்கைத் துரோகம் என்றனர் மற்றொரு சாரார். அவர்களுள் முதல்வர், இதுகாறும் தோள்கொடுத்த பீபாடி அம்மையாரே. இரு சாராரும் ஐடாவின் அன்பர்கள். இரு சாரார் பேச்சிலும் நியாயம் இருந்தது.

அழுகின்ற ஏழையின் குரலைக் கேட்பது எளிது. நம்மோடு மாறுபடும் நண்பரின் குரலைக் கேட்பதே அரிது. ஐடா நெடுநாள் தீர்மானிக்காமல் இருந்தார். அதனைத் தளர்ச்சி என்று சிலர் குறைகூறினர். யாம் அங்ஙனம் கருதவில்லை. முடிவில் ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே பயிலும் கல்லூரியையே அவர் ஏற்றார். பழைய நட்பில் விழுந்த பிளவைத் தாங்கிக்கொண்டார். எழுபது வயது கடந்தபின், உலகப் போர் நடக்கும் காலத்தில், அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1947-இல் ஆடவரும் சேர்ந்தனர். அம்மையார் 1946-இல் ஓய்வு பெற்றார். சில ஆண்டில் ஹில்டா லாசரஸ் அம்மையார் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார். சலோமிக்குக் கட்டுக்கட்டக் கற்பித்த நாள் முதல் அந்நாள்வரை செல்ல அரை நூற்றாண்டு ஆயிற்று.

டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் மேல்விலாசம் எழுதிய கடிதம் தவறாமல் அவரிடம் வந்து சேர்ந்தது என்று ஒரு கதை வழங்குகின்றது. தபால்காரருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. ஓய்வுக்குப்பின் கோடைக்கானலில் தங்கினார். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில், அங்கேயே இறைவனடி சேர்ந்தார். வேலூர் வீதிகளில் எல்லா மதத்தாரும் திரண்டு நின்று அவருடலை வழியனுப்பினர். இந்திய அஞ்சல் துறை 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், பள்ளி திறந்த அதே தேதியில், அவர் நிறுவிய ஸ்தாபனத்தைச் சிறப்பித்து ஒரு தபால்தலை வெளியிட்டது.

அவர் தொடங்கிய ஸ்தாபனத்தின் சமுதாய நலப் பிரிவினர் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களிலும், அதற்கப்பால் ஜவ்வாது மலையூர்களிலும் பணியாற்றி வருகின்றனர். எம் முகாமின் மூன்றாம் நாள், ஒரு மலையூரில் மருத்துவ வண்டி நின்றிருக்கக் கண்டோம். இளம் பெண் வைத்தியர் ஒருவர் கல்லின்மேல் அமர்ந்து, ஒரு முதியவர் தம் ஆட்டைக் குறித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் இன்னும் முப்பது பேர் இருந்தனர். ஆட்டின் கதை முடிந்தபிறகே முதியவர் தம் காலிலுள்ள ஆறாப் புண்ணைக் காட்டினார். குடியாத்தம் சாலை அம்மலைமேலும் ஏறியிருந்தது.

அன்று மாலை எம் படங்களைக் கட்டிவைத்துவிட்டு மூதாட்டியின் வீட்டுத் திண்ணைக்குச் சென்றோம். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இட்டார். உண்டபின் மாணவர் இருவர் அவரோடும் அவர் மகனோடும் அந்த இரண்டு மைல் பாதையை நடந்து அளந்தனர். பாறை எங்கே, ஓடை எங்கே, மழையில் சுமப்போர் கால் வழுக்குமிடம் எங்கே என்று பாட்டி காட்டக் காட்டக் குறித்துக்கொண்டனர். மருமகளை இறக்கி வைத்த இடத்தில் பாட்டி சிறிது நேரம் பேசாமல் நின்றார், மாணவரும் நின்றனர். ஊரார் பெயரால் ஒரு விண்ணப்பம் எழுதினோம். பாட்டி முதல் கைநாட்டு வைத்தார். உரிய அலுவலகத்தில் அதனைக் கொடுத்து இரசீது பெற்றோம். இருமுறை நினைவூட்டுக் கடிதமும் எழுதினோம். இம்மலர் அச்சுக்குச் செல்லும் நாள்வரை பதில் வரவில்லை. வரும் தை மாதம் மீண்டும் அவ்வூருக்குச் செல்ல எண்ணியிருக்கின்றோம். உடன்வர விரும்பும் மாணவர் தங்கள் பெயரைத் தமிழ்த் துறையில் பதிவு செய்துகொள்க. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர் வருதல் நலம்.